கண்ணாடிக் கடைப் பரீட்சை

என் முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவுக்குச் சேலைதான் வேண்டும். ஆனால் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொல்லிவிட்டுப் போனது எங்கள் இருவர் காதிலும் இருந்தது.

அது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். பால் குறைந்து, தோட்டத்தில் பால்வெட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் அம்மாவின் நிரையில், அதாவது அவள் பங்கு மர வரிசையில், மரத்துக்கு மரம் காயம். உளி பட்டையோடு நிற்காமல் உள்ளே இறங்கிக் கட்டையைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. தண்டல் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

"அக்கா, ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. துளிர் விட்டு வெட்டு தொடங்கறப்பவும் இப்படித்தான்னா, ஒன்ன வெளிக்காட்டுக்கு அனுப்பிடுவேன். என்னைத் திட்டாதே."

வெளிக்காடு என்றால் வெயிலில் புல் வெட்டுவது, மருந்து அடிப்பது. சம்பளமும் குறைவு. ஆனால் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. "இருபத்தஞ்சு வருசம் வெட்டுன நிரைய அந்த நேத்து வந்த புள்ளைக்குக் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஐந்தாம் படிவம் (பதினோராம் வகுப்பு) வரை முடித்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயத்துக்கு நடுவே நடந்து போவேன். நேற்று வரை பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'டீச்சர்' என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது என்றே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு அது தேவை.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு, பக்கத்து ஊர் லகாட்டுக்கு வந்து ஈப்போ பஸ் பிடித்தோம். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குப் பத்து நாள்கூட இல்லை. ஊரே தெருவில் நின்றது. கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை முழுக்க ஆரஞ்சுப் பெட்டிகள், தட்டையாக அமுக்கிக் காயவைத்த வாத்துகள், சிவப்புத் துணி, சிவப்புக் காகிதம், சிவப்பு மெழுகுவத்தி. எங்கே பார்த்தாலும் சீனத்தில் சத்தமான பேரம். அம்மா என் கையை விடவேயில்லை. கூட்டத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். 'நான் இருக்கேன்ல' என்பது போல அவள் கையை இறுக்கிப் பிடித்து முன்னால் நடந்தேன்.

கண்ணாடிக் கடையில் ஒரு நீள பெஞ்சு. அதில் எட்டுப் பேர். உள்ளே கடைக்கார டாக்டர் (அம்மாவுக்கு வெள்ளைச் சட்டை போட்ட எல்லாரும் டாக்டர்தான்) ஒரு சீனப் பள்ளி மாணவிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆங்கில எழுத்து அட்டை. அவர் குச்சியால் தொடத் தொட, அந்தப் பெண் கணீரென்று வாசித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அதை வேடிக்கை பார்த்தார்கள். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, கூட்டம் அதிகம், இரண்டு மணிக்கு மேல் வாருங்கள் என்று மலாயில் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

"நான் வரலம்மா. வீட்டுக்குப் போலாம்."

"ஏம்மா?"

"எனக்கு எழுத்து தெரியாதே. இத்தன பேர் முன்னால அவரு என்னய படிக்கச் சொன்னா நான் எங்க போயி மூஞ்சிய வச்சிக்கிறது? நீ வேற டீச்சரு."

கடைசியில் சொன்னாளே, அதுதான் என்னைத் தைத்தது. டீச்சரின் அம்மா எட்டுப் பேர் முன்னால் வாயைத் திறக்க முடியாமல் நிற்பதை நான் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். உடனே திரும்பிக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, என் நோட்டுப் புத்தகத்தில் அந்த அட்டையை வரிசை மாறாமல் எழுதிக்கொண்டேன். ஐந்து வரிசை. மேலே ஒன்று, கீழே ஐந்து. மொத்தம் பதினைந்து எழுத்து.

"இவ்வளவுதான்மா. ரெண்டு மணிக்குள்ள சொல்லித் தந்திடறேன்."

அன்றைக்கு நாங்கள் ஈப்போ பார்த்த கதை இப்படித்தான் தொடங்கியது.

முதலில் குகைக் கோயிலுக்குப் போனோம். அதற்கு வேறு பஸ். சுண்ணாம்பு மலைக்கு அடியில் குடைந்த கோயில். ஊதுவத்திப் புகையில் மேல்கூரை கறுத்திருந்தது. பஸ்ஸிலேயே பாடத்தைத் தொடங்கியிருந்தேன். நோட்டை அம்மா மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டாள். நான் பெரிது பெரிதாக எழுதிக் காட்டினேன்.

"இது ஈ."

"சீப்பு மாதிரி இருக்கு."

"இது எஃப்."

"பல்லு போன சீப்பு."

"ஓ."

"மங்கு!" என்றாள். பால் வடிகிற கிண்ணத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எல் அவளுக்கு உளி. எச் ஏணி. மற்றவற்றுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்தாள். நான் சிரித்தேன். பஸ்ஸில் முன் சீட்டுச் சீனக் கிழவியும் ஏன் என்று தெரியாமல் திரும்பிச் சிரித்தாள்.

அம்மாவின் ஞாபகத்தை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன். அவள் நிரையில் ஐந்நூறு மரங்கள். எது பால் சுரக்கும், எது காய்ந்தது, எதில் எறும்பு ஏறும் என்று இருட்டிலும் சொல்வாள். எழுத்துகளையும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"மொத நிரையில ஒரு மரம். ரெண்டாவதுல ரெண்டு. சரியா? சீப்பு ஒண்ணு. அடுத்தது குழாயும் உளியும். அதுக்கடுத்து மங்கு, பல்லு போன சீப்பு, கொடி."

"பேரைச் சொல்லும்மா, பட்டப்பேரு வேணாம்."

"ஈ. டி, எல். ஓ, எஃப், பி." நெல் குத்துகிற தாளத்தில் சொன்னாள்.

கோயிலுக்குப் பின்னால் மலைகள் சூழ்ந்த ஒரு முற்றம். அங்கே ஆமைக்குளம். கீரைக் கட்டு வாங்கிப் போட்டால் ஆமைகள் கழுத்தை நீட்டி வரும். "அங்க பாரும்மா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்திருக்கு," என்றேன். "அட, ஆமாலா," என்றாள். மலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த மரத்தைக் காட்டினேன். "பெரிசா இருக்கு," என்றாள். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் துழாவி இறங்கினாள். புதுச் செருப்பு கடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மடத்தனம்! கண் பார்க்கக் கூட்டி வந்த அம்மாவுக்குக் காலை முழுவதும் நான் காட்சிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

டவுனுக்குத் திரும்பி, தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் பசியாறிவிட்டுத் துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனப் பெண்மணி ரவிக்கைத் துணிகளை விரித்துப் போட்டாள். அம்மா துணியைப் பார்க்கவில்லை. விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள்.

"இதுல நூலு விட்டிருக்கு தவ்கே," என்று முதலாளியம்மாவிடம் மலாயில் சொன்னாள். அந்தப் பெண்மணி தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உண்மைதான். அவள் தன் மகளிடம் சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்து, வேறு துணி எடுத்துக் கொடுத்தாள். "இந்த ஆச்சிகிட்ட ஏமாத்த முடியாது," என்று என்னிடம் மலாயில் சொன்னாள். துணிக்கடை நாற்காலியில் உட்கார்ந்து அம்மா ஒருமுறை பதினைந்தையும் ஒப்பித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரண்டரை மணிக்கு எங்கள் முறை வந்தது. பெஞ்சு அப்போதும் நிறைந்திருந்தது. டாக்டர் களைத்திருந்தார். அம்மாவை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடினார். குச்சியை அட்டையின் மேல் வரிசையில் வைத்தார்.

அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "ஈ," என்றாள். "டி, எல்." குச்சி மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் நாலாவதைத் தொட்டுவிட்டாள். கடைசி எழுத்தைச் சொல்லி முடித்து மூச்சு விட்டாள். அடுத்த கண். அதே தாளம். பெஞ்சில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்து அம்மாவைக் காட்டினாள். நான் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்த பெருமையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினார் டாக்டர். "கண் ரொம்ப நல்லா இருக்கு, ஆச்சி. இந்த வயசுல கிட்டத்துல வாசிக்கத்தான் கண்ணாடி வேணும். பேப்பர் படிப்பீங்களா?"

"இல்ல," என்றாள் அம்மா.

"அப்ப வேணாம். காசு மிச்சம்." அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அஞ்சடிக்கு வந்ததும் அம்மா முகம் முழுக்கச் சிரிப்பு. "பாஸாயிட்டேன் பாத்தியா? ஒரு எழுத்து விடல. தண்டல்கிட்டப் போயிச் சொல்லிடலாம்லா, கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாருன்னு. சேலையே எடுத்திரு."

அடுத்த கடையின் அஞ்சடி ஒரு படி தாழ்ந்திருந்தது. அம்மா நின்று, காலால் துழாவி, படியைக் கண்டுபிடித்து இறங்கினாள். செருப்பு கடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ம்மா, எதிர்க் கடைப் போர்டுல எதாச்சும் எழுத்து தெரியுதா?"

அம்மா தெருவைப் பார்த்தாள். "போர்டு எங்க இருக்கு?"

ஆளுயர எழுத்துகள் அவை. துளிர் விட இன்னும் ஒரு மாதம். மறுபடியும் காயம் படும். தண்டல் சொன்னதைச் செய்வார். அம்மாவின் ஐந்நூறு மரங்களையும் என் நோட்டுப் புத்தகம் ஒரே நாளில் பறித்துக்கொடுக்கப் போகிறது.

"வா, திரும்பிப் போகணும்."

"எதுக்கு?"

"கண்ணு பாக்க."

"பாத்தாச்சே!" விஷயம் புரிந்ததும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. நடுத்தெருவில் குரலை உயர்த்தினாள். "பாஸானவள பெயிலாக்கப் போறியா? காலையில இருந்து மண்டைய ஒடச்சிப் படிச்சிருக்கேன். ஒன் பரீட்சைக்கு நான் வந்து இப்படிச் சொன்னேனா?"

நான் கண்ணாடிக் கடைக்குள் போனேன். அம்மா வாசலில் நின்றாள். ஆங்கிலத்தில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது, அவளுக்கு வெட்கமாக இருக்காது என்று முதலில் நினைத்தேன். பிறகு, அது எனக்கான வசதி என்று தோன்றியது. எல்லாருக்கும் தெரிந்த மலாயிலேயே சொன்னேன். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அட்டையை எழுதிக்கொண்டு போய் நான்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். அவளுக்குக் கண் தெரியவில்லை. தப்பு அவளுடையது இல்லை.

டாக்டர் என்னை, பிறகு அட்டையை, பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பெஞ்சில் யாரோ ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ என்ன வேலை பாக்குற?" என்று கேட்டார்.

"டீச்சர்."

"தெரியுது. ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுக்குற." காதுவரை எனக்குச் சுட்டது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். கைப்பிடி வைத்த கறுப்பு ஈ. "குட்டையில ஈயம் அலசுற அம்மாமாருங்க நெறைய பேர் இங்க வர்றாங்க. யாருக்கு எழுத்து தெரியும்? இதோட பல்லு எந்தப் பக்கம்னு கையால காட்டினாப் போதும். காலையில நீ கேட்டிருந்தா காலையிலயே எடுத்திருப்பேன்."

அம்மா உள்ளே வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கட்டையைக் கிட்டத்தில் பார்த்ததும், "சீப்பு," என்றாள் தமிழில். அவர் மூன்று விரலை நீட்டிக் காட்டினார். அம்மாவும் மூன்று விரலை நீட்டினாள். மேலே, பக்கவாட்டில், கீழே. அவர் பின்னால் போகப் போக அம்மாவின் கை தயங்கியது. சுவர் ஓரம் போனபோது கை மடியிலேயே கிடந்தது.

பிறகு கனமான இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். வெகுநேரம் ஆனது. பெஞ்சில் யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் அந்தச் சட்டத்தோடேயே அம்மாவைக் கைபிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன்.

அம்மா தெருவைப் பார்த்தாள். எதிர்க் கடைப் போர்டைப் பார்த்தாள். வாத்துகளைப் பார்த்தாள்.

"உளி இருக்கு," என்றாள், போர்டைக் காட்டி. "ரெண்டு சீப்பு இருக்கு." சற்றுப் பொறுத்து என்னிடம் கேட்டாள். "ஏ புள்ள, காலையில கொளத்துல என்னத்தக் காட்டுன? நான் கல்லுன்னுல நெனச்சேன்."

கண்ணாடி பெருநாள் கழிந்துதான் தயாரானது. வாங்கப் போன அன்று கடையை விட்டு நேராகக் குகைக் கோயில் பஸ்ஸில் ஏறினாள் அம்மா. நான் எதையும் காட்டவில்லை. குளத்து ஓரம் உட்கார்ந்து அவளே கீரை போட்டு, நாற்பது வரை ஆமைகளை எண்ணினாள். நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்று திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

துளிர் விட்டு வெட்டு தொடங்கிய வாரம் தண்டல் நிரைக்கு வந்தாராம். பட்டையைத் தடவிப் பார்த்தார். குனிந்து அடுத்த மரத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். காயம் இல்லை.

"அப்ப டாக்டர்கிட்டப் போனது நல்லதாப் போச்சு, என்னக்கா?" என்று கேட்டாராம்.

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னதை அன்று சாயங்காலம் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

"மொத தரம் பாஸு, தம்பி. ரெண்டாவது தரம் எம் மவ டீச்சரு பெயிலாக்கிட்டா. அதனாலதான் இந்தக் கண்ணாடிய குடுத்தாங்க."