நான் கப்பலில் வேலை செய்ததில்லை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாரிகாலம். நியூசிலாந்தில், ஒக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில், சாமான் ஏற்றி இறக்கும் ஒரு வெயார்ஹவுஸில் எனக்கு வேலை. சரக்குக் கப்பலில் வேலை செய்து வந்தவன் நான்; இங்கே துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பி ஏறவில்லை. விசா இல்லை. அகதி விண்ணப்பத்தை லோயர் எழுதிக்கொண்டிருந்தார். அது போய்ச் சேருமுன் பிடிபட்டால் கொழும்புக்குத்தான் பிளேன். அதனால் எவரிடமும் வாய் திறக்கமாட்டேன்.

அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். ஒருநாள் நான் லொறியில் சுமை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது கப்பல்காரன் போடுற முடிச்சல்லவா? எந்தக் கப்பலில இருந்தாய்?"

பழக்கதோஷத்தில் கை தானாகப் போட்ட முடிச்சு.

"நான் கப்பலில வேலை செய்ததில்லை," என்றேன்.

மனிதர் விடவில்லை. தேத்தண்ணி நேரத்தில் பக்கத்தில் வந்து குந்துவார். மாதக்கணக்கில் கடலில் கிடந்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? கப்பலை விட்டு ஓடுகிறவன் எங்கே ஒளிவான்? கேட்டுவிட்டு, சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதுவார். உளவாளிதான், வேறென்ன? அவர் நீட்டிய பிஸ்கட்டைக்கூட நான் தொடவில்லை.

ஒருநாள் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். திறந்து பார்த்தேன். கப்பலை விட்டு ஓடினான், தீவில் ஒளிந்திருந்தான், பிடித்து அடைத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே சுங்க அதிகாரி என்று எழுதி ஒரு கோடு. அன்றைக்கே வேலையை விட்டு, வேறு ஊருக்கு ஓடுவதென்று முடிவு கட்டினேன்.

வேலை முடிந்து வெளியே வந்தால் கேற்றடியில் நிற்கிறார். போச்சு என்று நினைத்தேன். அவர் கையில் அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவர் எழுதிய சாகச நாவலாம். அந்த எழுத்தாளர் இளவயதில் கப்பலேறி, வழியில் கப்பலை விட்டு ஓடி, தீவுகளில் அலைந்து, அதையெல்லாம் கதையாக்கியவராம். பிறகு எழுதியவை விற்காமல், வயிற்றுப்பாட்டுக்குத் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, எவரும் கவனிக்காமல் செத்துப்போனாராம். நம்ம ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு அந்த எழுத்தாளர்மேல் பைத்தியம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனிதர், அவரைப் பற்றித்தான் கொப்பி கொப்பியாக எழுதிக்கொண்டிருந்தார்.

"கப்பலை விட்டு இறங்கின அந்த நிமிஷம் எப்படியிருக்கும் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

அந்த முகத்தில் அப்படி ஒரு ஆசை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் பயம் விடுகிறதா? அதே பொய்யைத்தான் மறுபடியும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஓடவில்லை. விண்ணப்பம் போனது. விசாரித்த அதிகாரியிடம், கப்பலை விட்டு இறங்கின அந்த நிமிஷத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன், விசா கிடைத்தது. அதற்குள் நான் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். அவரிடம் உண்மையைச் சொல்லப் பழைய இடத்துக்கு ஓடினால், மனிதர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கேட்பதே வேலையாக இருந்தவர்களுக்கெல்லாம் என் கதையைச் சொன்ன நான், ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே மனிதரிடம் மட்டும் பொய் சொன்னேனே என்று, இன்றும் ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டும்போது மனம் குறுகுறுக்கிறது.