இடுப்பில் இருந்ததே மறந்துபோச்சு

“படிச்ச பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும், டைப் வரும். துப்பாக்கி வருமா தாயி?”

மதுரையில் லைசென்ஸ் துப்பாக்கி விற்கும் கடையில் நான் கிளார்க்காகச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு வராது என்று யாராவது சொன்னால் சும்மா இருப்பேனா? வெளிநாட்டுக் கேட்லாக்குகளை ஆறே மாதத்தில் கரைத்துக் குடித்தேன்.

அந்தத் திமிரின் பலன் போன வாரம் கடைக்குள் வந்து நின்றது.

முதலில் போன வருஷத்துக் கதை. மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிக்காரர் ஒருவர் வந்தார். குவாரி ஏலத்தில் தகராறு, கொலை மிரட்டல். லைசென்ஸ் கையில் இருந்தது. வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வேண்டும்.

எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று முப்பத்திரண்டு அளவுக் குண்டு போடுவது — தடித்த பிடி, நல்ல கனம், கைக்கு உறுதி. ஆனால் சட்டைக்குள் புடைத்துக்கொள்ளும். மற்றது இருபத்தைந்து — தட்டையானது, உள்ளங்கையில் அடங்கிவிடும். குண்டின் வேகம் கொஞ்சம் குறைச்சல்தான்.

முதலாளி தடித்ததைத்தான் எடுத்துக் காட்டினார். நான் விடவில்லை. மெல்லியதை வேட்டிக் கட்டில் செருகச் சொன்னேன். சட்டையை இறக்கிவிட்டு உட்காரச் சொன்னேன், குனியச் சொன்னேன், மோட்டார் சைக்கிளில் ஏறுவதுபோல் காலைத் தூக்கச் சொன்னேன். எங்கேயும் தெரியவில்லை. வைத்திருப்பது உங்களுக்கே தெரியாது அண்ணே என்று வேறு சொன்னேன். அவர் அதையே வாங்கினார். முதலாளி என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார். அன்று எனக்கு இருந்த பெருமை…

போன வாரம் அந்தக் குவாரி அண்ணன் அதே பிஸ்டலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் உயிரில்லை.

அவருக்கும் கொட்டாம்பட்டியில் இருக்கும் அவர் தம்பிக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லையாம். வரப்புத் தகராறு. பெரியவர்கள் நடையாய் நடந்து, குலசாமி கோயில் பொங்கலில் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்திருக்கிறார்கள். தம்பி பிள்ளைகளோடு வந்திருந்தார். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். எங்கள் பக்கத்தில் சாமி முன்னால் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இவரும் பழக்கத்தில் கழற்றியிருக்கிறார்.

“அம்புட்டு ஒல்லிம்மா அது. நீங்க சொன்னீகள்ல, அதே மாதிரி… இடுப்புல கெடக்குறதே மறந்துபோச்சு.”

தம்பி பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

“எனக்காகவாண்ணே கொண்டாந்த?”

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பொங்கலைத் தொடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு யார் போனாலும் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை.

தடித்ததை வாங்கியிருந்தால்? உட்காரும்போதெல்லாம் குத்தியிருக்கும். கோயிலுக்குக் கிளம்பும்போது தொல்லை என்று எடுத்து வைத்துவிட்டுப் போயிருப்பார். தடிமன், நீளம், கனம் — எல்லாம் ஒப்பிட்டேன். சட்டை எங்கே கழலும் என்று யோசிக்கவே இல்லை. கேட்லாக் அச்சடித்தவனுக்குத் தெரியாது, சரி. இந்த மண்ணில் பிறந்த எனக்குமா?

ஒளித்து வைப்பதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத ஆயுதம், கொஞ்ச நாளில் நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

பிஸ்டலைக் கடைப் பாதுகாப்பில் வாங்கி வைத்து ரசீது எழுதினேன். முதலாளி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். குத்திக் காட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தம்பியிடம் காட்டுவதற்காக, அண்ணனிடம் கேட்டு, அந்த ரசீதின் நகலையும், குவாரி மிரட்டலுக்காக என்று போன வருஷம் கலெக்டர் ஆபீஸில் அவர் எழுதிக் கொடுத்த லைசென்ஸ் மனுவின் நகலையும் வாங்கிக்கொண்டேன். தம்பி நம்புவாரா? முதலில், கதவைத் திறப்பாரா? தெரியவில்லை.

இதைக் கொட்டாம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்… மேலூர் தாண்டிவிட்டது.