புல்வெளியில் படுத்துவிட்ட சின்ன டிராக்டர்

ஸ்பானர் பிடித்துப் பிழைப்பவன் பாவம் செய்தவன். பழுது வண்டியில் இருக்கும், கேள்வியெல்லாம் நம்மிடம் வரும். 1950களில் நான் இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒரு கராஜில் வேலை செய்தபோது, டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் சின்ன டிராக்டர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சரிவு இருந்தால் போதும்

அது பங்களாப் புல்வெளியில் புல் வெட்டும், விறகும் இழுக்கும். ஸ்டார்ட்டரும் டைனமோவும் அதில் ஒரே உருளை. அந்த உருளைதான் பெல்ட் வழியாக எஞ்சினைக் கிளப்பும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே உருளை பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும். கெட்டால் இரண்டும் சேர்ந்து கெட்டுத் தொலையும். நான் சுவிட்சைத் தட்டினேன். 'டக்' என்றது, அவ்வளவுதான்.

டிரைவர் முத்தையா அண்ணன் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது விழுந்து முழங்கால் போனவர். மலை ஏற முடியாது. அந்த சீட்டில் உட்கார்ந்துதான் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றினார். சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் வண்டி பழைய இரும்புக்கு, முத்தையா பழையபடி மலைக்கு என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரை சொல்லிவிட்டார். ஸ்டார்ட்டர் எப்போது கெட்டது என்று கேட்டேன்.

"யாருக்குங்க பாஸ் தெரியும்? எந்நேரமும் சரிவுலதான் நிறுத்துவேன். பிரேக்க விட்டா உருண்டு ஸ்டார்ட் ஆயிரும். இப்ப புல்வெளி நடுவுல நின்னுச்சு பாருங்க, அப்பதான் இது ஊமைன்னே தெரிஞ்சுச்சு."

பாணும் மோட்டரும்

பேட்டரியை அட்டனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றி வந்தேன். டக். உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கட்டைகளை மாற்றினேன். டக். சனியனே! சரி, மழையில் சுருள் ஈரமாகியிருக்கும் என்று நினைத்து, உருளையை மட்டும் கழற்றிக்கொண்டு பங்களாக் குசினிக்கு ஓடினேன்.

சமையல்கார அப்பு கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர். தொரை பார்த்தால் தொலைந்தோம் என்று புலம்பிக்கொண்டே, பாண் ரொட்டி வெந்துகொண்டிருந்த அடுப்போரம் இடம் விட்டார். அந்த மகராசன் கதவைச் சாத்தியிருந்தால் நான் எங்கே போயிருப்பேன்? ஈரம் காய்ந்துவிட்டதா என்று நான் தொட்டுப் பார்க்க, அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாஸ், பாணும் வேகுது, மோட்டரும் வேகுது. மாத்தி மேசைக்குக் கொண்டு போனா எனக்கு வேலை இல்ல!"

மழையும் ரொட்டியும்

காய்ந்த உருளையை மாட்டினேன். அதே டக். வெள்ளிக்கிழமையும் ஆகிவிட்டது. மழையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அண்ணனின் மனைவி செல்லம்மா தன் கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார். ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யாத எனக்கு இதெல்லாம் எதற்கு மதினி என்றேன்.

"ஓடலேன்னாலும் நீங்க சாப்பிடணும் தம்பி. ஓடிருச்சுன்னா நாங்களும் சாப்பிடுவோம்."



சிவப்பு

சனிக்கிழமை காலை வேறு வழி தெரியாமல், பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து உருளையின் உடம்பிலேயே நேராக வைத்தேன். கிர்ர்ரென்று சுற்றியது! அட கடவுளே, உருளையில் ஒரு கோளாறும் இல்லை. உடம்பு வழியாகத் திரும்ப வேண்டிய கரண்ட்தான் எங்கோ தடைபட்டிருக்கிறது. உருளையை எஞ்சினோடு பிடித்திருக்கும் இரும்புத் தட்டு புதிதுபோல் மினுங்கியதால் அதை நான் தொடவே இல்லை. இப்போது கழற்றினேன். அடிப்பக்கம், போல்ட் துளை, வாஷருக்குக் கீழே, எங்கும் கெட்டியான சிவப்புப் பெயிண்ட். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் போகுமா?

அண்ணனைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. ஆயுத பூசைக்கு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி அவர் அடித்த பெயிண்ட். சோறு போடுகிற வண்டிக்கு வெளியே மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை விட அவருக்கு மனசு வரவில்லையாம். உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து மாட்டினோம். சுவிட்சைத் தட்டியதும் சமதரையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் அழுதேவிட்டார்.

சத்தம் கேட்டு வந்த தொரை, என்ன கோளாறு என்று கேட்டார். பழியைக் கார்பன் கட்டையின் தலையில் போட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அண்ணன் முண்டாசை அவிழ்த்துவிட்டு, "நான் பூசைக்கு அடிச்ச பெயிண்டுதாங்க தொரை" என்றார். போச்சு, கெடுத்தாரே என்று எனக்குப் பிராணனே போய்விட்டது. தொரை குனிந்து தட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு தன் தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

"முத்தையா, அடுத்த பூசைக்கு சந்தனம் மட்டும் வை. இப்போ ஏறு, புல் வெட்டு."

பாசம் மிஞ்சிப் பழுதான வண்டியைத் திருத்த எந்தக் கராஜிலும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனாலும் அப்படி ஒரு வண்டி வந்து வாய்த்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.