ராக்கருக்கு ஒரு கரண்டி ஆயில்

பழைய டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு எஞ்சினால் வரும் பாடு பாதிதான்; மீதி, அதன்மேல் உயிரை வைத்திருப்பவர்களால் வருவது. கொட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு மட்டுமா இப்படி? ஸ்பானர் பிடிக்கிற உங்கள் எல்லோருக்கும் ஒரு தங்கராஜ் அண்ணன் இருப்பார்.

காலைக் கரண்டி

தங்கராஜ் அண்ணனின், பானெட் முன்னால் நீண்ட மூக்கு லாரி என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. மயிலாடியிலிருந்து கல் ஏற்றுகிற வண்டி. எஞ்சினின் தலையில் வால்வுகளை அமுக்கித் திறக்கிற ராக்கர்கள் வரைக்கும் ஆயில் ஏறவில்லை. உள்ளே போகிற வழி அடைத்துக் கிடந்தது. அதற்கு அண்ணனே ஒரு வைத்தியம் வைத்திருந்தார். தினமும் காலையில் மேல்மூடியைக் கழற்றி, ராக்கர்கள் மேல் ஒரு குழிக்கரண்டி ஆயில் ஊற்றுவார். இப்போது அதுவும் போதாமல் டக்டக்கென்று சத்தம்.

கூட வந்திருந்த அவர் மனைவி லில்லி அக்கா லாரியிலிருந்து இறங்கவே இல்லை. மயிலாடியில் செதுக்கிய கல் ஞானஸ்நானத் தொட்டியைச் சனிக்கிழமைக்குள் குலசேகரத்தில் ஒரு சர்ச்சில் இறக்குவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. வழியில் வண்டி நின்றால், அடுத்த நாளே ஆக்கர் கடையில் இரும்பு விலைக்குப் போட்டுவிட வேண்டியது. வீட்டில் பேசி முடித்தாயிற்று என்றார் அக்கா. பிறகு அண்ணனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "எனக்க பிள்ளையளுக்கு ஒரு நாள் தலையில எண்ண தேச்சுவிட்டதில்ல மக்கா இந்த மனுசன், இந்த இரும்புக்குத் தெனமும் தேச்சுவிடுகாரு."

தாராளம்

என் யோசனை எளியது. எஞ்சின் பக்கவாட்டில், ஆயில் அழுத்தத்தோடு ஓடுகிற பாதையில் ஒரு பிளக் உண்டு. அதைக் கழற்றி, அங்கிருந்து வெளிப்பக்கமாகவே ஒரு செம்புக் குழாயை மேலே ஏற்றி, ராக்கர்கள் கோத்திருக்கிற தண்டில் கொடுத்தேன். நன்றாகப் போகட்டுமே என்று தடித்த குழாய்.

சத்தம் நின்றது. ஆனால் எஞ்சின் சூடானதும் ஆயில் அழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள் படுத்துவிட்டது. மேலே குளம், கீழே கிராங்க் பேரிங்குகளுக்குக் குடிக்க இல்லை. இப்படியே குலசேகரம் ஏற்றம் ஏறினால் எஞ்சின் ஜாம் ஆகிவிடும். தப்பு என்னுடையது. அதைச் சொன்னேன், நான் பேசுவது சும்மாவே பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, எஞ்சின் ஓடும்போது கேட்கவா? அண்ணன் என் தோளைத் தட்டினார்: "ஒண்ணும் பேசாத மக்கா, சத்தம் நின்னுபோச்சு, நீ கெட்டிக்காரனாக்கும்!"

நீலப் புகை

எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி சொன்னேன். மறுநாள் குழாயை மாட்டுகிற, ஆயில் உள்ளே ஓடுகிற போல்ட்டை மாற்றி, புதியதில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை மட்டும் போட்டேன். ராக்கருக்கு அது தாராளம். முள் நிமிர்ந்து நின்றது. வியாழன் சாயங்காலம் தைரியமாக வண்டியை விட்டேன்.

வெள்ளி காலை, பட்டறை வாசலில் நீலப் புகைக்கு நடுவே அண்ணன். மூடியைக் கழற்றினால் ராக்கர்கள் ஆயிலில் முங்கிக் கிடந்தன. துளையைப் பார்த்தேன், சரி. குழாயைப் பார்த்தேன், சரி. கடைசியில் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்; காலையில் வழக்கம்போல் ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறார். வறண்ட தலைக்குத் தாங்கிய கரண்டி இப்போது கூடுதலாகி, வால்வு வழியே இறங்கிப் புகைந்திருக்கிறது. "குழாய்தான் ஊட்டுதே, பின்ன நீங்க எதுக்கண்ணே?" என்றேன். "பழக்கம் மக்கா... அதும் எதிர்பாத்து நிக்கும்லா?"

குலசேகரம் ஏற்றம்

சனிக்கிழமை நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். பின்னால் கல்தொட்டி, நடுவில் நான், கதவோரம் லில்லி அக்கா. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இரண்டாம் கியரில் ஏறினோம். முள் அசையவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை, ஒரு வளைவில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வளைவிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் அவர் கை கதவுக்குப் போகும்போது அக்கா என்னைத் தாண்டி எட்டிப் பிடித்துக்கொண்டார்: "வண்டி எங்கயும் நிக்கல்ல, நீருதான் நிறுத்துகீரு, இனி ஒருக்கா இறங்கினா வண்டியயில்ல, உம்மக் கொண்டு ஆக்கர் கடையில போடுவேன்!"

பதினொரு மணிக்கெல்லாம் தொட்டி சர்ச் முற்றத்தில் இறங்கிவிட்டது.

இந்தத் தொழிலில், எஞ்சின் சரியாகிவிட்டது என்பது எஞ்சினுக்குத் தெரிந்து வெகுநேரம் கழித்துத்தான் ஓனருக்குத் தெரிகிறது.