எழுதாத காயிதம்

எங்கள் ஃபிஜியில் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தால் அதற்கு 'கூ' என்று பெயர். இந்தியில் பேசினாலும் தமிழில் பேசினாலும் அதே 'கூ'தான். கரும்பு ரயிலைப் பார்த்துப் பிள்ளைகள் போடும் சத்தத்தை, ஒரு நாடே குரலைத் தாழ்த்திப் பயபக்தியோடு சொல்லும். கூ வருவதே எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியை அடக்கத்தான். முதல் இரண்டு கூவில் எங்கள் உறவில் பாதிப் பேர் விமானம் ஏறிவிட்டார்கள். மூன்றாவதில் அண்ணனும் நியூசிலாந்துக்குக் கிளம்பத் தயாரானான்.

அவன் மார்டின்டாரில் ஒரு ஹோட்டலில் அறைகளின் சுத்தத்தை மேற்பார்வை பார்த்தவன். நான் நடபுவாவில் பள்ளி ஆசிரியை. பள்ளியை மூடிவிட்டதால் ரக்கிரக்கிக்கு, அம்மாவின் கரும்புத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தேன். சில நாளில் அண்ணனும் வந்து சேர்ந்தான். ஹோட்டல் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததாம். அரைச் சம்பளத்தைக் கொடுத்து, மீதிக்கு ஆறுதலாக ஒரு பெட்டி டாய்லெட் ரோலைத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். நாடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே காகிதம் என்றால் அவளுக்கு உயிர். அவள் பேச்சில் அது 'காயிதம்'. பழைய ரசீது, தீப்பெட்டி அட்டை, மாவுப் பை, எது காலில் பட்டாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் கணக்கில் கோட்டைவிட்ட விடைத்தாளுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. புது அரசியல் சட்டம் எழுதி முடித்த வருடம், அந்தச் செய்தி வந்த நாளிதழை என்னை வெட்டித் தரச் சொல்லி, சரஸ்வதி பூஜையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டாள்.

"நம்ம புள்ளைங்களும் இந்த ஊருப் புள்ளைங்கதான்னு காயிதத்துலயே எழுதிட்டாங்களாம்" என்று கோயில் பூசாரி வரைக்கும் சொல்லிவைத்தாள். அதுமுதல் அந்தத் துண்டு சாமி மாடத்தை விட்டு இறங்கவில்லை.

அண்ணன் பெட்டியைப் பிரித்து முதல் ரோலை நீட்டினான். அம்மா அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம்மா, என்னா வெள்ளை! பூசைக்கா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நியூசிலாந்துக் கக்கூஸில் கால் கழுவத் தண்ணீர் வைக்க மாட்டார்கள், இதுதான் வைப்பார்கள், இப்போதிருந்தே பழகிக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் விளக்கினான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரஸ்வதிடா! சரஸ்வதிய வச்சாடா..." மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இதுல குச் நை, அம்மா. ஒரு எழுத்துகூட இல்ல. எழுதாத காயிதத்துல சரஸ்வதி எப்படி இருப்பா?"

"இன்னிக்கு எழுதல, நாளைக்கு எழுதலாமேடா!"

ஆனாலும் அண்ணன் விடாக்கண்டன். கக்கூஸ் சொம்பை ஒளித்துவைத்தான். ரோலை ஆணியில் மாட்டி, ஹோட்டல் பழக்கத்தில் அதன் நுனியை முக்கோணமாக மடித்தும் விட்டான். "தாம்பூலம் மடிக்கிறான் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு காலி பெயின்ட் டப்பாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

லவுடோகா துறைமுகத்தில் எங்கள் பைன் மரங்களைச் சீவி, மலையாகக் குவித்துக் கப்பலில் ஏற்றுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் அது கூழாகிக் காகிதமாகிவிடும். மரத்துக்கு விசா கேட்பதில்லை, நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பதில்லை. போன மரம் ஒருநாள் வெளுத்து, மெத்தென்று ஆகி, வாசனையோடு திரும்பி வரும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும் எங்கள் சொந்தக்காரர்களும் அப்படித்தான் வருவார்கள்.

அம்மா வராமல் தான் நகரப்போவதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டான். போகாதவர்கள் எல்லாம் பிறந்த மண், பாட்டன் வெட்டிய கரும்பு என்று பெரிய பெரிய காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான்: "காயிதத்துல தொடைக்கிற ஊருக்கு நான் வரல." கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்து வீட்டின் மேல் கல் விழுந்திருந்தது. ஒரு டாய்லெட் ரோலுக்காக அம்மாவைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

பிறகு ஒருநாள் வானொலியில், மழை வரும் என்று சொல்கிற அதே குரல், அரசியல் சட்டம் ரத்து என்று சொன்னது.

"என்னாங்கிறான்?" என்றாள் அம்மா.

"அந்தக் காயிதம் இனிமே செல்லாதாம்மா" என்றேன்.

"எது? மாடத்துல இருக்கிறதா?"

"அதுதான்."

அம்மா எழுந்து போய் மாடத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். என் நினைவில் முதல் தடவையாக ஒரு காகிதத்தை அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து, மஞ்சள் கறை படிந்த அதன் நுனியை அண்ணன் மடிப்பதுபோலவே முக்கோணமாக மடித்தாள். நிதானமாக, நகத்தால் நீவி மடித்தாள். அதை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நீ சொன்னது சரிதான்டா. அங்க எழுதாத காயிதத்துலதான் தொடைக்கிறான். இங்க எழுதினதுலயே தொடைச்சிட்டானுங்க. என் பேரையும் எழுதிப் போடு."

அண்ணன் அழுதுவிட்டான். அம்மா அவனை அழவும் விடவில்லை.

"சொம்ப எங்கடா ஒளிச்ச? அத எடுத்து மொதல்ல என் பெட்டில வை."