ஒரு தடையும் இல்லாத பிள்ளை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் கீழே நின்று பூ வாங்கிக்கொண்டிருந்தேன். பூக்காரப் பெண் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தபோது மேல்மாடியிலிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்து தலையில் விழுந்தது. பாலர் பள்ளி போலும். "இவங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று ஓர் ஆசிரியையின் குரல். "கண்ணு தெரியாது!" என்று அத்தனை சின்னத் தொண்டைகளும். எவ்வளவு சந்தோஷமாகக் கத்துகிறார்கள் தெரியுமா? நீட்டிய பூவை வாங்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, பூ இந்தாங்க. எங்க லா பாக்குறீங்க?" என்றாள் பூக்காரப் பெண்.

நல்ல வெயிலில், நட்டநடுத் தெருவில், பிள்ளைகள் பாடம் படிக்கிற சத்தத்துக்கு ஒருத்தி நடுங்கலாமா? இந்த வயதில்? உங்களிடம் சொல்வதற்கென்ன, நடுங்கினேன்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ரயில்வே குவாட்டர்ஸ் ஒரு வரிசை இருந்தது. அதன் கடைசி வீட்டில் ரோசலின் டீச்சர். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளை முன்னறையில் உட்காரவைத்து, சாதித்துப் பேர் வாங்கிய பெரியவர்களின் கதை சொல்வார். உள்ளே நுழைந்தாலே மரவள்ளி மாவுப் பசையின் வாடை. பழைய காலண்டரிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் படங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருப்பார். காற்றடித்தால் மேதைகள் எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். ரயில் போனால் நடுங்குவார்கள். அவர்களுக்கும் பயம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

டீச்சரிடம் ஒரு பழக்கம். நீளமான சோற்றுக் கரண்டியால் ஒரு படத்தைத் தொட்டு, "இவருக்கு என்ன தடை?" என்பார். நாங்கள் கத்த வேண்டும். "அப்பா இல்ல!" கரண்டி நகரும். "கண்ணு தெரியாது, காது கேக்காது!" இன்னும் நகரும். "காலு வெளங்காது!" "சோறு இல்ல!" அடுத்தவருக்கு மறுபடியும், "அப்பா இல்ல!" அந்தப் பெரியவர்களின் பெயர்கள் எனக்கு மறந்துவிட்டன. தடைகள் மட்டும் வரிசை மாறாமல் இன்னும் உள்ளே தொங்குகின்றன.

டீச்சர் நல்லதற்குத்தான் சொன்னார். ரப்பர் தோட்டத்திலிருந்தும் கம்பத்துக் கிராமத்திலிருந்தும் டவுனுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள், எதைக் கண்டும் சோர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று. ஆனால் ஏழு வயதின் கணக்கு வேறு. முதலில் தடை வரும், பிறகுதான் பெருமை வரும். இடிக்குப் பின்னால் மழை வருகிற மாதிரி.

ஒருநாள், "உங்களுக்கெல்லாம் என்ன தடை, சொல்லுங்க பாப்போம்," என்றார். தேவி துள்ளி எழுந்தாள். "எனக்கு அப்பா இல்ல டீச்சர்!" நாங்கள் கைதட்டினோம். அவள்மேல் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஜோசப்புக்கு இழுப்பு. அவனுக்கும் கைதட்டல். என் முறை வந்தது. தேடிப் பார்த்தேன். கை இருந்தது, கால் இருந்தது, அம்மா அப்பா இருந்தார்கள். அன்று காலையில் முட்டை வேறு.

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"ஐயோ பாவம்," என்றாள் தேவி. "ஒண்ணுமே இல்லியா? அப்பறம் நீ என்னா பண்ணுவே?"

ஒரே சிரிப்பு. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. என் தலையில் கை வைத்து, "சிரிக்காதீங்க. எல்லாரையும் விட இவதான் பெரிய ஆளா வரப்போறா, பாருங்க," என்றார்.

அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. நான் அதற்கடியில் குனிந்துகொண்டேன். டீச்சர் பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் எனக்கான தடை எங்கிருந்தோ கிளம்பிவிட்டது. எது? கயிற்றைப் பார்த்தேன். அதில் அதிகம் பேருக்கு இருந்தது ஒரே தடைதான்.

என் அப்பா காப்பார் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார்.

அதற்குப் பிறகு மழை எனக்கு எதிரியாகிவிட்டது. மேற்கே வானம் கறுத்தால் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தூரத்தில் உறுமி வரும் ஒவ்வொரு லோரியும் அப்பாவாகி, கிட்டே வந்ததும் வேறு யாரோவாகி, தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போகும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். கேட்காவிட்டால் அது நம்முடையதில்லை. ஒரு சாயங்காலம் சாலையில் வெள்ளம், அப்பாவைக் காணோம். அம்மா குழம்பைச் சூடாக்கினாள், மூடினாள், மறுபடி சூடாக்கினாள். அப்பா வந்தபோது நனைந்த சட்டையெல்லாம் செம்பனைப் பழத்தின் புளித்த எண்ணெய் வாடை. அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டேன்:

"அப்பா இல்லாதவங்கதான் பெரிய ஆளா வருவாங்களாப்பா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு சொன்னா? எனக்குந்தான் நாலு வயசுலயே அப்பா செத்துட்டாரு. நான் என்னா மந்திரியாவா ஆயிட்டேன்? லோரிதானே ஓட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ காலடியில் தரை நழுவியது. அப்பாவும் போய்விடுவார், பெருமையும் வராது, இப்படியும் நடக்குமா? கயிற்றில் இடம் கிடைக்காமல் போன அப்பா இல்லாத பிள்ளைகள் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள்? தேவியின் முகம் நினைவுக்கு வந்தது. அவளிடம் இதைச் சொல்லவே கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மக்காகிவிடுவது. மக்குகளைத் தேடிக்கொண்டு எந்தத் தடை வரும்? அடுத்த சனிக்கிழமை, கரண்டி படத்தைத் தொட்டதும் எல்லாரையும் முந்திக்கொண்டு கத்தினேன்: "ஒண்ணும் இல்ல! நல்லா இருந்தாரு!" அடுத்த படம். "ஒண்ணும் இல்ல! அவங்கப்பா வீட்டுக்கு வந்துட்டாரு!"

"இவளுக்கு மூள கழண்டுருச்சு லா," என்றான் ஜோசப்.

டீச்சர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க அன்னிக்கு சொன்னத திருப்பி எடுத்துக்குங்க டீச்சர்." அவர் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். எழுந்துபோய் ஒரு படத்தையாவது கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். கழற்றவில்லை. அவர் முகத்திலும் பயம் வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என் கண்ணீரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தொடங்கிய பள்ளி விடுமுறையிலேயே குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் சுங்கை பூலோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த வரிசை இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. தேவி எங்கே, ஜோசப் எங்கே, தெரியவில்லை. மரவள்ளிப் பசை கிண்டுகிறவர்களும் இல்லை. அப்பா நரைத்து, பேரப்பிள்ளைகளோடு டிவிக்குச் சண்டை போட்டு, ஒருநாள் தன் கட்டிலில் தூக்கத்திலேயே போனார். நான் பெரிய ஆளாகவில்லை. கொஞ்சம் கவிதை எழுதினேன். படித்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். இருந்தாலும் யாராவது மேடையில் என்னை இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால், இறங்கியதும் கைப்பேசியை எடுத்து, வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சரை நான் கடைசியாகப் பார்த்தது, நான் தேம்பி அழுத அந்தச் சனிக்கிழமைதான். சந்து முனையில் அப்பாவின் லோரி வந்து ஹாரன் அடித்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, லோரிப் படியில் தூக்கிவிட்டு, கதவைச் சாத்தினார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னலுக்குள் கையை விட்டு என் கன்னத்தைத் துடைத்தார். பிறகு குதிகாலை உயர்த்தி, என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, இவளுக்குப் பெரிய ஆளாக வேணாமாம். நீங்க மெதுவா ஓட்டிட்டுப் போங்க."