போர்டின் கீழ்ப் பாதி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வடக்கே நாங்கள் குடியிருக்கும் சாங்வியில் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பயப்படாதீர்கள், வழக்கு எனக்கில்லை. பக்கத்து ஃபிளாட் கல்பனாவுக்கு. கணக்கு டீச்சர். "துணைக்கு வாங்கக்கா" என்றாள். வேடிக்கை பார்க்க எனக்குச் சொல்லவா வேண்டும்?

விஷயம் இதுதான். வருஷா வருஷம் போட்டுக்கொள்கிற ஃப்ளூ ஊசியைப் போன வருஷமும் போட்டுக்கொள்ளப் போனாள். கிளினிக்கில் ஏதோ அவசரம்... புஜத்தில் போட வேண்டியதை மேலே தள்ளி, தோள் மூட்டிலேயே இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. "இந்த வயசுல வர்ற தோள்வலிதான்" என்று கிளினிக் கையை விரித்துவிட்டது. கல்பனாவால் அதுகூட முடியாது!

போர்டில் எழுத முடியாத கணக்கு டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? அதனால்தான் நுகர்வோர் ஆணையம், நஷ்டஈடு, வக்கீல் எல்லாம்.

வக்கீல் நல்ல மனிதர். வேகம்தான் கொஞ்சம் அதிகம். "தடுப்பூசியே ஆபத்துன்னு எழுதிடலாம் மேடம், ஊரே திரும்பிப் பார்க்கும்" என்றார் இந்தியில்.

கல்பனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பிப் பொரிந்தாள்.

"என்னக்கா பேசறாரு இவரு? ஊசி மேல தப்பில்ல, போட்ட எடம்தான் தப்பு. நானே இப்படி எழுதிக் குடுத்தா, என் கிளாஸ் பசங்களுக்கு வீட்ல ஊசி போட விடுவாங்களா?"

அதையே இந்தியில், இன்னும் காரமாக, அவருக்கும் சொன்னாள்.

வக்கீல் இறங்கி வந்தார். "சரி மேடம்... ஊசிக்கு முன்னாடி உங்க கை நல்லா இருந்துச்சுன்னு எப்படிக் காட்டுறது?"

கல்பனா போனை நீட்டினாள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப். ஹோம்ஒர்க்குக்காக தினமும் போர்டை போட்டோ எடுத்துப் போடுவாளாம். ஊசி போட்ட நாள் வரை போர்டு முழுக்கக் கணக்கு. மறுநாளிலிருந்து மேல் பாதி காலி. கீழே, எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த வலியோடும் ஒருநாள்கூடப் பாடத்தை நிறுத்தவில்லையே இவள்!

நமக்கெல்லாம் ஒரு டாக்டர் மேல் கோபம் வந்தால் போதும் — ஊசி, மருந்து, ஆஸ்பத்திரி எல்லாமே மோசம் என்று ஃபார்வர்ட் பண்ணிவிடுவோம். தப்பை, நடந்த அளவுக்கு மட்டும் சொல்ல எவ்வளவு நிதானம் வேண்டும்! அதுவும் வலிக்கும்போது.

வழக்கு போட்டாயிற்று. ஜெயிக்குமா? தெரியாது. வேலை நிலைக்குமா? அதுவும் தெரியாது.

ஆனால் நேற்று, வேறொரு கிளினிக்கில் இந்த வருஷத்து ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தக் கையில?" என்றேன்.

"எழுதாத கையிலக்கா!"